பதினேழாம் படுக்கையின் மதிப்பெண்

பதினேழாம் படுக்கை காலியாகி மூன்று நாள் ஆகியிருந்தது. மெத்தையைச் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தாயிற்று. பக்கத்தில் நின்ற குளுக்கோஸ் கம்பியைக்கூட வேறு கட்டிலுக்குக் கொண்டுபோயாயிற்று. ஆனாலும் டாக்டர் நர்மதா மாலையில் அனுப்பிய பட்டியலில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அதுவும் இருந்தது. பதினேழு: இருபத்திரண்டு.

சுகிர்தா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். எட்டு மணி நேர வியர்வையில் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. டாக்டர் எண்ணை மாற்றிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது நாளாக அவள் எதற்கும் இரண்டாவது காரணம் தேடுவதை விட்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் அது. இரண்டாம் அலை முற்றிய மே மாதத்தில் சாப்பாட்டு மேசைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, அறுபது கட்டில்களை வரிசையாகப் போட்டு, கொரோனா சிகிச்சை மையம் என்று வாசலில் பேனர் கட்டினார்கள். சுவரில் ‘திங்கள் பொங்கல், செவ்வாய் பூரி’ என்ற பலகை அப்படியே இருந்தது. கூரை முழுக்கத் தகரம். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற அது தகடு தகடாக டப், டப் என்று விரியும். பழைய சாம்பார் வாடை சுவரிலிருந்து கிளம்பும். அதன் மேல் சானிடைசர், ஜெல், நாலு நாள் குளிக்காத உடம்புகள், எதிர்ப்பக்கத்து உருக்காலையிலிருந்து ஜன்னல் வழியாக வரும் சுட்ட இரும்பு மணம், எல்லாமாகச் சேர்ந்து முகக்கவசத்தின் இரண்டு அடுக்கையும் தாண்டி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். அத்தனை பேருக்கும் சேர்த்து உருப்படியான மின்விசிறி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பதினேழாம் படுக்கைக்கு நேர் மேலே சுழன்றது.

சுகிர்தாவுக்கு அங்கே ஒரே வேலை. நிமோனியா நுரையீரலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சி.டி. ஸ்கேனுக்குத் திருவள்ளூர் வரை போக வேண்டும், போனால் அரை நாள் வரிசை. அதனால் சோப்புக்கட்டி அளவில் ஒரு அல்ட்ராசவுண்ட் புரோபை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதைப் போனில் செருகி, ஜெல் தடவி, முதுகிலும் விலாவிலுமாகப் பன்னிரண்டு இடங்களில் வைத்து, இடத்துக்கு ஆறு நொடி படம் பிடிப்பாள். டாக்டர் நர்மதாவுக்கு எட்டாவது மாதம். வேப்பம்பட்டில் தன் வீட்டு மாடியறையை விட்டு இறங்காமல், அந்தப் படங்களைப் பார்த்து இடத்துக்கு மூன்று வரை மதிப்பெண் போடுவார். மொத்தம் முப்பத்தாறு. பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நேர்மாறு, குறைந்தால் நல்லது. பதினைந்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஐந்துக்குக் கீழே என்றால் மாத்திரைப் பையோடு வீடு.

நல்ல நுரையீரலில் பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. விலா எலும்புகளின் கறுப்பு நிழல் இரண்டு, நடுவே ஒரு வெள்ளைக் கோடு. மூச்சுக்கு மூச்சு அந்தக் கோடு இப்படியும் அப்படியும் வழுக்கும். அதற்குக் கீழே படிக்கட்டு மாதிரி மங்கலான கோடுகள் படுக்கையாகக் கிடக்கும். கெட்ட நுரையீரலில் அந்தப் படிகள் அழிந்து, மேலிருந்து கீழே வெள்ளை வெள்ளையாக ஒழுகும். நோயாளிகள் கழுத்தைத் திருப்பி, அசையும் அந்தக் கோட்டைக் காட்டி, “அது இன்னா மேடம்?” என்று கேட்பார்கள். “மூச்சு” என்பாள். ஒரு நாளைக்கு அறுபது தடவை சொன்ன வார்த்தை.

படங்கள் படுக்கை எண்ணில்தான் சேமிக்கப்படும். ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள், ஒரே பெயரில் நாலு உள்ளூர்க்காரர்கள் என்று இருந்ததால் பெயர் போடும் வழக்கத்தை இரண்டாம் நாளே கைவிட்டார்கள். ஆகவே நுரையீரல் ஆளுக்குச் சொந்தமில்லை, கட்டிலுக்குச் சொந்தம். அத்தனை பேரையும் குப்புறப் படுக்க வைத்திருந்ததால் சுகிர்தாவுக்கு ஒரு முகமும் தெரியாது. முதுகுகள் தெரியும். மச்சம் உள்ள முதுகு, மூட்டை தூக்கிக் காய்த்த முதுகு, வேர்க்குரு பொரிந்த முதுகு.

மறுநாள் மாலை பட்டியல் வந்தபோது அவள் நேராகப் பதினேழைத்தான் தேடினாள். இருபத்தாறு என்றிருந்தது.

இந்தத் தடவை படங்களைத் திறந்து பார்த்தாள். பதினேழாம் எண்ணில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. முதல் படத்தின் நேரம் மூன்று பத்து, கடைசியது மூன்று பதினான்கு. மூன்று பத்துக்கு அவள் பின்பக்கக் கை கழுவும் தொட்டியருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். புரோப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது, சாவி கழுத்தில் இருந்தது.

“ணா, என் போன யாராவது எடுத்தாங்களா?” என்று யேசுதாஸிடம் கேட்டாள். யேசுதாஸ் அங்கே கட்டில்களைத் துடைப்பதிலிருந்து பிணத்தைப் பையில் கட்டுவது வரை எல்லாம் செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும்.

“உன் போன எவன் தொடுவான்? ஜெல்லு நாத்தம்,” என்றார். பிறகு, “அந்தப் பதினேழுல இருந்தான் பாரு, சந்திரமோகன், அவன் போன் பண்ணான்மா. ஆக்ஸிஜன் பெட்ல ஒக்காந்துக்கினு படம் பாத்துக்கினுகீறானாம். பிரியாணி கேக்கறான். செம்ம பேஜாரு பண்றானாம் அங்க,” என்று சிரித்தார்.

சுகிர்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முதல் படத்தின் நேரத்தை மறுபடி திறந்து பார்த்தாள்.

நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமேகூட முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நாலு நாளைக்கு முன்னால், மதியம், கூரை வெடிப்பது போல் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்த வெக்கையில், பதினேழில் இருந்த சந்திரமோகன் இருபத்திரண்டில் இருந்தவனுக்கு விசிறிக் காற்றை விட்டுக்கொடுத்திருந்தான். சந்திரமோகன் நெல் வயல் உள்ள வீட்டுப் பையன், லேசான இருமல்தான். இருபத்திரண்டில் இருந்தவன் ஸ்டீபன், நாற்பது வயது வெல்டர். அவன் சுவரோரம் மூச்சுக்கு அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, “நீ இங்க படு நைனா, நான் அங்க போறேன்” என்று எழுந்து போயிருக்கிறான். இரண்டு மணி நேரம் இருவரும் கட்டில் மாறிக் கிடந்தார்கள். நல்ல மனசுதான். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சுகிர்தா ஸ்கேன் எடுத்தாள். பதினேழுக்கு அவள் போனது மூன்று பத்துக்கு.

அவளுக்குத் தெரிந்தது. பதினேழில் கிடந்த முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, வெல்டிங் பொறி தெறித்த கறுப்புப் புள்ளிகள் கொத்தாக இருந்தன. முந்தின நாள் அதே புள்ளிகளை இருபத்திரண்டில் பார்த்திருந்தாள். புரோபை வைத்தபோது ஒரு புள்ளிக்குக் கீழே, தோலுக்குள், எப்போதோ புதைந்துபோன இரும்புத் துணுக்கு ஒன்று திரையில் பளிச்சென்று ஒளிர்ந்து, கீழே நீளமாக வால் விட்டது. அட, என்று நினைத்தாள். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மாலையில் பட்டியல் வந்தது. பதினேழாம் கட்டிலுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டாம் கட்டிலுக்கு மூன்று. அதற்குள் தலைமை நர்ஸ் சாராள் சிஸ்டர் ஒரு அதட்டல் போட்டதில் இருவரும் அவரவர் கட்டிலுக்குத் திரும்பியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் சந்திரமோகனை ஏற்றிக்கொண்டு போயிற்று. ஸ்டீபனுக்கு மாத்திரைப் பையைக் கொடுத்தார்கள். காய்த்துப்போன அவன் விரலில் ஆக்ஸிஜன் கருவி ஒரு தடவை எண்பத்தெட்டு காட்டியது, மறு தடவை தொண்ணூற்றாறு. நல்ல எண்ணை எழுதிக்கொள்வதுதான் எல்லோருக்கும் வசதி. சுகிர்தா அப்போது கவச உடையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சொன்னால் மறுபடி போட்டுக்கொண்டு எல்லாரையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் ஸ்டீபன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். அவ்வளவுதான். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. உள்ளே மரத்துப் போய்விட்டால் எதுவும் வருவதில்லை.

மூன்றாம் நாள் அவள் டீ குடிக்கப் போகவில்லை. மூன்று மணிக்கே புரோபைத் துடைத்துக் காயவைத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு, பதினேழாம் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். மேலே விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை க்ரீச் என்று ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் அமைதி, மறுபடி க்ரீச். நாற்பது நாளாக அந்தச் சத்தத்தின் கீழேதான் வேலை செய்திருக்கிறாள். அது ஒரு ஆள் மூச்சிழுக்கும் வேகத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். வெறும் இரும்புப் பலகை. சுருட்டிய மெத்தை. அதைக் கட்டியிருந்த கயிற்றின் நுனி காற்றில் ஆடியது.

மூன்று பத்துக்குப் போன் அதிர்ந்தது.

புரோப் செருகாத போனில் திரை தானாகத் திறந்தது. முதலில் கறுப்பு. பிறகு ஈரமான தோலின் மேல் எதையோ அழுத்தி வைத்தது போல ஒரு கலங்கல். அது தெளிந்தபோது இரண்டு நிழல்கள், நடுவே கோடு. கோடு நேராக இல்லை, அரித்தெடுத்த மாதிரி இருந்தது. அதிலிருந்து வெள்ளை ஒழுகியது. திரை முழுக்க வெள்ளை. ஆறு நொடி. ‘சேமிக்கப்பட்டது.’ அடுத்த இடம். ஆறு நொடி. நான்காவது படத்தில், மேல் ஓரத்தில், அந்த இரும்புத் துணுக்கு பளிச்சிட்டு வால் விட்டது.

கோடு அசைந்துகொண்டிருந்தது. கஷ்டப்பட்டு, குட்டையாக, வேகமாக.

அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. எங்கோ ஒரு வீட்டில், இந்த நிமிஷம், இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

பன்னிரண்டும் முடிந்த பிறகு போய்ப் பெட்டியைத் திறந்தாள். அதுவரை பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. புரோபின் முகத்தில் ஜெல் பளபளத்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்புச் சூடு. ஜெல்லில் ஒரு முடி ஒட்டியிருந்தது, குட்டையாக, சுருண்டு.

மாலை பட்டியலுக்கு முன்பே டாக்டர் நர்மதா போனில் கூப்பிட்டார்.

“சுகிர்தா, பதினேழு முப்பத்தொண்ணு. இன்னும் ஏன் அவர அங்கயே வெச்சிருக்கீங்க?”

“மேடம், பதினேழு காலி மேடம்.”

“காலி பெட்டுக்கு லங்ஸ் எங்கேர்ந்து வரும்?” டாக்டரின் குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது. “நம்பர் மாத்திப் போட்டிருக்கீங்களா? யாரா இருந்தாலும் சரி, இன்னிக்கே அனுப்புங்க. இவர் ரொம்ப நேரம் தாங்க மாட்டார். நான் சாராள் சிஸ்டர்கிட்ட பேசட்டுமா?”

“வேணாம் மேடம். நான் பாத்துக்கறேன்.”

“அனுப்ப முடியலேன்னா நாளைக்கு மொதல்ல அவர் படத்த எடுத்துப் போடுங்க. நான் காத்துக்கிட்டு இருப்பேன்.”

பதிவேட்டில் ஸ்டீபனின் எண் இருந்தது. எளாவூர்ப் பக்கம் ஒரு காலனி முகவரி. மணி ஆறரை. கழிவறைக்குப் பின்னால் போய் நின்று அழைத்தாள். அவன் மனைவி ஜெபா எடுத்தாள்.

“சென்டர்லேர்ந்து பேசறேன். ஸ்கேன் எடுத்தவங்க. ஸ்டீபன் எப்படி இருக்காரு?”

“அய்யோ, நீங்களா மேடம்! நல்லாகீறாரு மேடம். நீங்க ஸ்கேன் பாத்து ஒண்ணுமில்லன்னு அனுப்சீங்களே, அதான் எங்களுக்குத் தெம்பு. ஜுரம் மட்டும் உடல. கொஞ்சம் மூச்சு வாங்குது. வெக்கைன்றாரு, அங்க பெரிய ஃபேன் இருந்துச்சாம்ல. பக்கத்து ஊட்ல ஒரு டேபிள் ஃபேன் வாங்கியாந்து வெச்சிகீறேன்.”

அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஒரு வாக்கியத்தை அவள் வரும் வழியெல்லாம் தயாராக வைத்திருந்தாள். அது நாக்கு வரை வந்தது. ஏன் என்று ஜெபா கேட்பாள். கேட்டால் கட்டில் மாறியதைச் சொல்ல வேண்டும், தெரிந்தும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். எதிரில் உருக்காலையின் புகைபோக்கி செம்மண் நிறத்தில் புகை விட்டுக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மேடம்? கீறீங்களா?”

“குப்புறப் படுக்கச் சொல்லுங்க,” என்றாள் சுகிர்தா. “குப்புறப் படுத்தா மூச்சு நல்லா வரும்.”

“சரிங்க மேடம். நீங்க சொன்னா சரிதான்.”

அன்றிரவு அவள் வீட்டில் தனியறையில் படுத்திருந்தாள். கதவுக்கு வெளியே அம்மா தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போகிற சத்தம் கேட்டது. சாப்பிட்டாள். ருசி தெரிந்தது. தூங்கவும் செய்தாள். அதுதான் பிறகு அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

காலையில் எழுந்தபோது விலாவுக்குள் எதையோ செருகி வைத்த மாதிரி இருந்தது. இன்று சொல்லிவிடுவது என்று எழுந்தாள். ஜெபாவை அழைத்தாள், போன் அணைந்திருந்தது. ஆம்புலன்ஸ் டிரைவரைப் பிடித்து முகவரியைக் கொடுத்தாள். திருவள்ளூர் போய்வந்து நாலு மணிக்கு அங்கே வருவதாகச் சொன்னான். வேறு வண்டி இல்லை. மற்ற கட்டில்களை அவசரமாக முடித்தாள். இரண்டரைக்கு யேசுதாஸிடம், “ணா, அரை மணி நேரம் வெளிய போய்ட்டு வரேன்” என்றாள்.

“புரோப எதுக்கும்மா எடுத்துக்கினு போற?”

அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஸ்கூட்டரில் நெடுஞ்சாலைக்கு வந்தாள். ஊரடங்கு முழுதாக விலகவில்லை. ஓரமாக நிறுத்தியிருந்த லாரிகளின் நிழலில் டிரைவர்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். எல்லாரும் குப்புறப் படுத்திருந்தார்கள். வெயிலுக்கு அப்படிப் படுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு முதுகையும் கடக்கும்போது, அது ஏறி இறங்குகிறதா என்று கண் தானாகத் தேடியது. ஓடுகிற வண்டியிலிருந்து அது தெரியவில்லை. எளாவூர் திரும்பும் இடத்தில் மணி பார்த்தாள். இரண்டு ஐம்பத்தைந்து.

காலனியில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு, வாசலில் தொற்று வீடு என்ற தகரத் தட்டி, அதன் மேல் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜெபா முற்றத்து நிழலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சின்ன உருவம், முகவாய்க்குக் கீழே இழுத்துவிட்ட முகக்கவசம். சுகிர்தாவைப் பார்த்ததும் அதை மேலே ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

“ஊட்டுக்கே வன்ட்டீங்களா மேடம்? கரண்ட் ஒரே லோ வோல்டேஜு, போன் சார்ஜே ஏறல.” அவள் கண்கள் சிரித்தன. “உங்களுக்குக் கோடி புண்ணியம் மேடம். நீங்க சொன்னா மாதிரி குப்புற படுக்க வெச்சேன். ராவெல்லாம் இருமிக்கினு கெடந்தாரு. விடியகாலம் தூங்குனவருதான், அப்டியே அசங்காம தூங்கறாரு. அஞ்சு நாளா தூங்காத மனுசன், தூங்கட்டும்னு நாஷ்டாக்குக்கூட எழுப்பல.”

சுகிர்தா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

“ஜுரமும் உட்டுப்போச்சு மேடம். கிட்ட போவக்கூடாதுன்னாங்கல்ல, வாசப்படில நின்னுக்கினு கால மட்டும் தொட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு கீது.”

வீட்டுக்குள் ஒரே அறை. ஜன்னலில் பழைய சேலை தொங்கியது. உள்ளே வந்ததும் கண் இருட்டியது. முதலில் சத்தம்தான் கேட்டது. டேபிள் ஃபேன் குறைந்த மின்சாரத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கோடி வரை போகும், க்ரீச் என்று நிற்கும், திரும்பி வரும். பினாயில் மணம். அதற்கு அடியில் இன்னொரு மணம், இனிப்பாக. யேசுதாஸ் பையைக் கட்டும் நாட்களில் கேன்டீனில் வரும் மணம்.

அவன் கட்டிலில் குப்புறக் கிடந்தான். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இடுப்பு வரை போர்வை. ஃபேன் அவன் பக்கம் வரும்போதெல்லாம் போர்வை உப்பியது. போனதும் தாழ்ந்தது. வாசலில் நின்று பார்க்கிற ஒருத்திக்கு அது போதும்.

முதுகு வெளிறியிருந்தது. கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன.

கழுத்தில் விரல் வைத்தாள். கையுறைக்கு மேலேயே தெரிந்தது. குளிர். விறைப்பு. வைத்த விரலை எடுக்க மறந்து நின்றாள். விடியற்காலம், என்று மனது கணக்குப் போட்டது. நேற்று ஆறரைக்குச் சொல்லியிருந்தால். நினைப்பு அங்கேயே நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

“பாத்து சொல்லுங்க மேடம்,” என்றாள் ஜெபா, வாசற்படியிலிருந்து. “இன்னும் எத்தினி நாள் மாத்திரன்னு.”

சொல்ல வேண்டும். திரும்பி நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுகிர்தா வாயைத் திறந்தாள்.

பையில் போன் அதிர்ந்தது. மூன்று பத்து.

கை தானாக வேலை செய்தது. நாற்பது நாள் பழகிய கை. புரோப். போன். ஜெல். முதுகில், இடப் பக்கம், மேலே. வைத்தாள்.

நிழல், நிழல், நடுவே கோடு.

கோடு அசைந்தது.

இப்படி. அப்படி. நீளமாக, நிதானமாக. கீழே ஒழுகல் இல்லை. படிக்கட்டு. சுத்தமான படிக்கட்டு. இவ்வளவு நல்ல நுரையீரலை அவள் அந்த மையத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆறு நொடி. சேமிக்கப்பட்டது.

அடுத்த இடம். அசைந்தது. அடுத்தது. அசைந்தது. நாலாவதில் இரும்புத் துணுக்கு பளிச்சிட்டது. அவன்தான். புரோபுக்குக் கீழே தோல் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. திரையில் அவன் மூச்சு விட்டான்.

“அந்தக் கோடு அசையுதே. அது இன்னா மேடம்?”

ஜெபா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சின் சூடு சுகிர்தாவின் கழுத்தில் பட்டது.

“மூச்சு,” என்றாள் சுகிர்தா.

சொல்லிவிட்டாள். அறுபது தடவை சொன்ன வாய்.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்று ஜெபா நெஞ்சில் கை வைத்தாள். “ராத்திரி நான் எப்டி பயந்தேன் தெரியுமா.”

பன்னிரண்டு. கடைசிப் படம் சேமிக்கப்பட்டது. உடனே திரையின் மேல் ஓரத்தில் செய்தி இறங்கியது. டாக்டர் காத்திருந்திருக்கிறார். ஜெபா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

“பதினேழு. பூஜ்யம். ரொம்ப நல்லா இருக்கு. வீட்டுக்கு அனுப்பிடலாம்.” படித்துவிட்டுச் சிரித்தாள். “ஊட்லதான கீறாரு! கஞ்சிய சூடு பண்றேன் மேடம். எழுப்பாதீங்கோ. தானா எழுந்துக்கட்டும்.”

அவள் வெளியே போனாள். அடுப்புப் பற்றும் சத்தம். பாத்திரம் வைக்கும் சத்தம். ஏதோ கோயில் பாட்டை மெல்ல முனகினாள்.

சுகிர்தா புரோபைத் தூக்கினாள். முதுகை விட்டு ஒரு சாண் மேலே. பிறகு அதன் வயரைப் போனிலிருந்து பிடுங்கித் தரையில் வைத்தாள். கட்டிலிலிருந்து ஒரு கை கீழே தொங்கியது. அந்தக் காய்த்துப்போன விரல்களின் வழியாக எறும்புகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

ஃபேன் திரும்பி வந்தது. போர்வை உப்பியது.

அவள் கையில் இருந்த திரையில், வெள்ளைக் கோடு இன்னும் போய் வந்துகொண்டிருந்தது.